பேசேஜில் இல்லாத பருப்பு

முதலில் மன்னிப்பு. எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாங் கிளாஸோடு நின்றவள். எழுத உட்கார்ந்த விஷயம் பாதியிலேயே மறந்தும் போகிறது. பலாப்பழம் பற்றி எழுதிய வாரம் ஒரு மாதத்தையே மாற்றிப் போட்டுவிட்டேன். நாமக்கல்லில் இருந்து ஒருவர் கடிதம் போட்டுத் திருத்தினார். நல்லதுதான். நீங்கள் படிக்கிறீர்கள் என்று எனக்கு அதில்தானே தெரிகிறது?

இந்த வாரம் பருப்பு பற்றி. இங்கிலீஷ் பற்றியும்தான். இரண்டும் எங்கே போய்ச் சேர்ந்தது என்கிறீர்களா... சொல்கிறேன்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம். காயப் போட்ட மிளகை வாசலில் அள்ளிக்கொண்டிருந்தேன். சேந்தமங்கலத்தில் இருந்து வருகிற பஸ் மலையேறி வந்து நின்றது. பக்கத்து வீட்டு சிந்து இறங்கினாள். ஒன்பதாவது படிக்கிறாள். என் வாசலைத் தாண்டும்போது, "அம்மாயி, டீ ஆச்சுங்களா?" என்று கேட்காமல் போகவே மாட்டாள். சொந்தம் ஒன்றும் இல்லை. நான் சத்துணவுக் கூடத்தில் சமைத்த கடைசி வருஷம் அவள் ஒன்றாம் வகுப்பு. அந்த ஒரு வருஷத்துச் சோற்றில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அன்றைக்கு அவள் டீயும் கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. தோற்றுவிட்டாள்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு இங்கிலீஷ் டீச்சர் இருக்கிறார். சொந்த ஊர் கீழே நாமக்கல் பக்கம். மேலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். சனிக்கிழமை தோறும் 'ரீடிங் கிளப்' நடத்துகிறார். பேசேஜ் என்று ஒரு தாள் கொடுப்பார்களாம். அரைப் பக்கத்துக்கு ஒரு சங்கதி, கீழே அஞ்சு கேள்வி. ஒரு நாள் கலாசாரம், ஒரு நாள் சயின்ஸ். பிள்ளைகள் அதை வீட்டில் யாராவது ஒருத்தருக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். தினமும் இருபது நிமிஷம். கேட்டவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

சிந்துவின் அப்பனும் ஆத்தாளும் மரவள்ளிக் காட்டில் இருந்து வருவதற்குள் பொழுது இறங்கிவிடும். அதனால் கையெழுத்து போடுகிற உத்தியோகம் எனக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் உத்தியோகம்!

எனக்கு இங்கிலீஷ் என்ன தெரியும்? ஏ, பி, சி, டி-யில் பாதி. ஆனால் கேட்பதற்குக் காது போதுமே. அவள் ஒரு வரி படிப்பாள், பிறகு தமிழில் சொல்வாள். நான் மிளகு உருவிக்கொண்டே கேட்பேன்.

ஏதோ ஒரு நாட்டில் விருந்தாளி தட்டைக் காலி செய்தால் இன்னும் பசி என்று அர்த்தமாம். கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டுமாம்.

"அப்ப நம்ம ஊருக் கல்யாணத்துல எலையை மூடறதைப் பாத்தா என்னன்னு எழுதுவாங்க?" என்றேன்.

"சண்டை போட்டுட்டு எந்திரிச்சுட்டாங்கன்னு எழுதுவாங்க" என்றாள்.

இன்னொரு நாள் சயின்ஸ். "அம்மாயி, சனிக்கு வளையம் இருக்குதுங்க."

"எந்தச் சனிக்கு? நாம எள்ளு விளக்குப் போடற சனிக்கா?"

"அதே சனிதாங்க. கையில போடற வளையல் இல்லீங்க, சுத்தியும் தட்டு மாதிரி. எல்லாம் ஐஸும் கல்லுமாம்."

"யாரு கண்ணு அதைப் போய்ப் பாத்தா?"

"டெலஸ்கோப்புல தெரியுமாம். எனக்குப் பாக்கோணுமுங்க."

அந்த 'பாக்கோணும்' சும்மா வந்த பேச்சு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சேந்தமங்கலத்தில் ஒரு ரீடிங் போட்டி. முதல் இரண்டு இடம் வருகிறவர்களைக் கோயம்புத்தூரில் பத்து நாள் சயின்ஸ் கேம்ப்புக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே டெலஸ்கோப் உண்டு. மேடையில் ஏறி, அதுவரைக்கும் பார்க்காத ஒரு பேசேஜைப் படித்து, கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும்.

போட்டிக்கு முந்தின வாரம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

தண்ணீர் கொதிக்கிறது பற்றி ஒரு பேசேஜ் வந்தது. உயரமான இடத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதிப்பில் சூடு குறைவு என்று சிந்து சொன்னாள். எனக்குக் கையில் இருந்த மிளகுச் சரம் நழுவிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலே பருப்போடு மல்லுக்கட்டியவள் நான். காரணம் ஒரு தாளில் அரைப் பக்கத்துக்கு இருந்திருக்கிறது!

அந்த சந்தோஷத்தில் ஒரு கல்யாணக் கதையைச் சொல்லிவிட்டேன்.

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கீழே காளப்பநாயக்கன்பட்டியில் இருந்து சமையல் மாஸ்டரைக் கூட்டி வந்திருந்தார்கள். பெரிய கை. கீழே என்ன நேரத்துக்குப் பருப்பைப் போடுவாரோ, அதே நேரத்துக்கு இங்கேயும் போட்டார். ஊறக்கூட வைக்கவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது... பருப்பு மட்டும் அப்படியே முழித்துக்கொண்டு கிடக்கிறது.

மாஸ்டர் முதலில் பருப்பைத் திட்டினார். பிறகு விறகைத் திட்டினார். கடைசியில், "உங்க மலைத் தண்ணியே சரியில்லீங்க" என்றார். அடுப்பைச் சுற்றி மலைக்காரப் பொம்பளைகள் பத்துப் பேர் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பத்துப் பேருக்கும் தெரியும். முன்னாலேயே ஊற வைக்க வேண்டும், சோற்றுக்கு முன்னால் பருப்பை ஏற்ற வேண்டும், மூடி மேலே கல்லை வைத்து ஆவியை அடக்க வேண்டும். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. நானும்தான். கீழே இருந்து வந்த மாஸ்டரிடம் போய் எப்படிச் சொல்கிறது? தாலி கட்டி, மாப்பிள்ளை பசியில் இரண்டு தடவை டீ குடித்து, அதற்குப் பிறகுதான் சாம்பார் வந்தது.

சிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதை நான் இங்கிலீஷ்ல சொல்லட்டுங்களா?" என்றாள். சொன்னாள். மூன்று நாள், மூன்று தடவை. கடைசித் தடவை தடுமாறவே இல்லை, ஆறு மாதிரி ஓடியது. 'ஸ்டோன்' என்று வருகிற இடத்தில் நானும் சேர்ந்து சொன்னேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வாருங்கள்.

மனசு கேட்காமல் பொழுது சாய்ந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் அம்மா செல்லம்மாள் கேழ்வரகு களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. ஒரு மார்க்குல போச்சாமாங்க. மூணாவது வந்திருக்கா."

"மூணாவதுன்னா நல்லதுதானே சாமி" என்றேன்.

"ரெண்டு பேரைத்தான் கூட்டிட்டுப் போறாங்க" என்றது சுவர்ப் பக்கம் இருந்து குரல்.

"எந்தக் கேள்வியில கண்ணு போச்சு?"

செல்லம்மாள்தான் சொன்னாள். "என்னமோ பருப்புக் கேள்வியாமாங்க."

சிந்து எழுந்து உட்கார்ந்து சொன்னாள். போட்டியில் வந்த பேசேஜும் அதே சங்கதிதான். மலை மேலே சமைப்பது பற்றி. நாலாவது கேள்வி: மலையில் வாழ்கிறவர்கள் பருப்பை வேக வைக்க என்ன செய்கிறார்கள்? பேசேஜில் இருந்த பதில், பிரஷர் குக்கர். இரண்டே வார்த்தை. இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஊற வைப்பது, சோற்றுக்கு முன்னால் ஏற்றுவது, கல் வைப்பது என்று ஆறேழு வாக்கியம் ஓட விட்டிருக்கிறாள். அத்தனையும் இங்கிலீஷில். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லையாம்.

நடுவராக வந்த ஒரு சார் தாளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். "இது பேசேஜ்ல எங்கம்மா இருக்குது?"

"பேசேஜ்ல இல்லீங்க சார். எங்க ஊர்ல இருக்குது."

கூட்டம் சிரித்துவிட்டது. அந்தக் கேள்விக்குச் சுழி.

"படிச்சுத்தானுங்க பாத்தேன். குக்கர்னு போட்டிருந்துச்சு" என்றாள் சிந்து. "ஆனா நம்ம கல்யாணத்துல குக்கர் ஏது? பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான் நெசத்தைச் சொன்னேன்."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு போனது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன்... சிந்து படிக்க வரவில்லை. நானும் மிளகும் மட்டும்தான். வெள்ளிக்கிழமை நோட்டோடு வந்தாள். உட்காரவில்லை.

"அம்மாயி, நாலு நாளைக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கு டீச்சர் பாப்பாங்க."

"கேக்காம எப்படி கண்ணு போடறது?"

"கேட்டாலும் உங்களுக்கு என்னங்க புரியப் போகுது?"

சொன்ன உடனே அவளுக்கே என்னவோ போல ஆகிவிட்டது. பேனாவை நீட்டின கை கொஞ்சம் கீழே இறங்கியது. ஆனால் சொன்னதும் நிஜம்தானே? நான் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். பாவாயி, பாவாயி, பாவாயி, பாவாயி. நாலு தடவை.

இருபது வருஷத்துக்கு மேலே சத்துணவு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவள் நான். வராத பிள்ளையை வந்ததாக ஒரு நாள்கூட எழுதியது கிடையாது. அந்த நாலு பாவாயியும் என்னைச் சும்மா விடவில்லை. நாலு நாள் போனால் போகிறது. ஆனால் அடுத்த வாரமும் நோட்டு வரும், நானும் போடுவேன்... அப்படியே அந்தப் பிள்ளை வாய்விட்டுப் படிப்பதையே விட்டுவிடும். அதற்கு நான் அல்லவா சாட்சிக் கையெழுத்து?

சனிக்கிழமை காலையில் கிளம்பிப் பள்ளிக்கூடம் போனேன். பழக்க தோஷம் பாருங்கள் — கால் நேராகச் சமையல் கூடத்து வாசலில் போய் நின்றது. வகுப்புக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. கூச்சம். அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். டீச்சர்தான் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னங்கம்மா, இங்க நிக்கிறீங்க? பூட்டியில்ல இருக்குது?"

"நாலு கையெழுத்து பொய்ங்க டீச்சர்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்து வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். பதினைந்து பிள்ளைகள். மூன்றாவது பெஞ்சில் சிந்து. என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

என்ன ஆனாலும் ஆகட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். கேட்காமல் கையெழுத்துப் போட்டதை, கல்யாணக் கதையை, அதை நான்தான் அவள் வாயில் போட்டேன் என்பதை. "மார்க்கு போனது என்னாலதாங்க. அந்தப் புள்ள மேல தப்பு இல்லீங்க."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "ஏனுங்கம்மா, எத்தனை மணி நேரம் ஊற வைக்கோணும்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் மேல வந்த புதுசுல ஒரு மாசம் பருப்பு வேகவே இல்லீங்க. சின்னப் பாத்திரத்துலதான் வெப்பேன். கடைக்காரர் பழைய பருப்பைக் குடுக்கறார்னு ரெண்டு கடை மாத்தினேன். அதே பேசேஜை நாலு வருஷமா நடத்தறேன். என் அடுப்புல நடக்கறது அதுதான்னு தோணவே இல்லை."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். சிந்து மட்டும் சிரிக்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிந்து, அந்த சார் சொன்னது சரிதான்" என்றார் டீச்சர். "ரீடிங் போட்டியில பேசேஜ்ல இருக்கிறதைத்தான் சொல்லோணும். அதை உங்களுக்கு நான் அழுத்திச் சொல்லியிருக்கோணும். சொல்லல. நீ சொன்னதும் சரி. பேசேஜ்ல இல்லைங்கறது ஒண்ணுதான் குறை. அப்ப நீயே அதை ஒரு பேசேஜா எழுதிடு. கீழ அஞ்சு கேள்வி. அடுத்த சனிக்கிழமை கிளப்புக்கு உன் பேசேஜ்தான்."

அன்றைக்குச் சாயந்திரம் அவள் வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

"காட்டிக் குடுத்துட்டீங்கல்ல?"

"ஆமா கண்ணு."

"எல்லாரும் பாத்தாங்க."

"என்னையுந்தான் பாத்தாங்க."

கொஞ்ச நேரம் மிளகுச் சரத்தில் ஒன்றை எடுத்து உருவினாள். பிறகு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். "அன்னைக்கு உங்களுக்குப் புரியாதுன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. சரி, சொல்லுங்க. எத்தனை மணி நேரம் ஊற வைப்பீங்க?"

"மூணு மணி நேரம்" என்றேன் டக்கென்று.

"கல்லு எத்தனை கிலோ?"

"யாரு சாமி எடை போட்டா? நீ ஒண்ணாவது படிக்கறப்ப தூக்கப் பாத்து அழுதியே, அந்தக் கல்லுதான்."

"அப்படியே எழுதிக்கறேன்."

எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. பிறகு படித்துக் காட்டினாள். அத்தனை இங்கிலீஷுக்கு நடுவில் சாம்பார் வந்தது, ஸ்டோன் வந்தது, பாவாயி வந்தது. மற்றதெல்லாம் அவள் தமிழில் சொல்லித்தான் தெரியும். கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை ஒன்றே ஒன்று, நிறுத்தி நிதானமாக.

எனக்கு இதில் ஒன்று தோன்றியது. அந்தக் கல்யாணத்தில் பத்துப் பேர் வாயைத் திறக்காமல் இருந்தோமே, அதற்கு எங்களுக்கு யாரும் சுழி போடவில்லை. சாம்பார் மட்டும் லேட். இந்தப் பிள்ளை மேடையில் நின்று சொல்லிவிட்டது. அதற்குச் சுழி. எது மோசம் என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்... கேம்ப்புக்கு வேறு இரண்டு பேர் போய்விட்டார்கள். சனியின் வளையத்தை அவர்கள் பார்த்திருப்பார்கள். சிந்துவுக்கு அந்த வருத்தம் இருக்கிறது. எனக்கும். அடுத்த வருஷம் போட்டி உண்டு என்கிறார் டீச்சர்.

போன சனிக்கிழமை கிளப்பில் பதினான்கு பிள்ளைகள் சிந்துவின் பேசேஜைப் படித்தார்கள். கேள்விகளை அவளே கேட்டாள். அஞ்சாவது கேள்வி: பாவாயி எத்தனை மணி நேரம் பருப்பை ஊற வைப்பார்? பதினான்கு பேரும் மூன்று என்று எழுதினார்களாம். எல்லாருக்கும் முழு மார்க்.

வந்து சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது மணிக்குக் கூடத்தைத் திறப்பேன். திறந்த உடனே பருப்பை ஊறப் போடுவேன். பதினோரு மணிக்கு அடுப்பில் ஏற்றிவிடுவேன். பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கும். மூன்று மணி நேரம் ஊற வைத்திருந்தால் பன்னிரண்டுக்கு அல்லவா ஏற்றியிருக்க வேண்டும்? சாம்பார் எப்போது ஆவது?

அவசரமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சிந்து அடுத்த பேசேஜ் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, தப்பாச் சொல்லிட்டேன். மூணு இல்ல. ரெண்டு மணி நேரம்."

அவள் நோட்டில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"பேசேஜ்ல மூணுன்னுதான் இருக்குதுங்க அம்மாயி."

அந்தச் சமையல் கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இரண்டா மூன்றா என்று சரிபார்த்து ஒரு கார்டு போடுங்கள். பதில் வருகிற வரைக்கும் மூன்று.